வெள்ளைப் பூ வந்த அன்று

“சாமி, என் தம்பி உயிரோட இருக்கானா?”

குகை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த குரு தலை நிமிர்ந்தார். எதிரே வேலப்பன் நின்றான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. வேட்டியெல்லாம் செம்மண்.

“என்ன ஆச்சு?”

“கிணறு சரிஞ்சு போச்சு சாமி. ஊத்துக்கண் தெரியுதான்னு குமரேசன் அடியில இறங்கிப் பாறைக்குக் கீழ பக்கவாட்டுல குடைஞ்சுக்கிட்டிருந்தான். ஒரு பக்கத்துக் கரை அப்படியே விழுந்து வாசலை அடைச்சிருச்சு. உள்ள மாட்டிக்கிட்டான்.”

“சத்தம் கேக்குதா?”

“முதல்ல கேட்டுச்சு. கடப்பாரையால பாறையில தட்டுனான். நாங்க தட்டுனா பதிலுக்குத் தட்டுனான். அப்புறம் நின்னு போச்சு.”

வேலப்பன் குருவைவிட வயதில் மூத்தவன். ஆனாலும் வாரம் தவறாமல் மலையேறி வந்து, நம்பிக்கை பெரிதா அறிவு பெரிதா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டு அவர் உயிரை வாங்குவான். அவரும் சிரித்துவிட்டுத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார். இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

“இப்ப அங்க தோண்டுறது யாரு?”

வேலப்பன் தயங்கினான்.

“தங்கையா மேஸ்திரி வேண்டாம்னுட்டாரு சாமி. எத்தனையோ கிணறு வெட்டுனவரு. உள்ள இருக்கிற காத்து இவ்வளவு நேரம் தாங்காதாம். தட்டுற சத்தமும் நின்னு போச்சு, ஆளு முடிஞ்சிட்டான்னு சொல்றாரு. எதிர்க்கரையும் வெடிச்சு நிக்குது. போனவனுக்காக இருக்கிறவங்களைச் சாகக் குடுக்க முடியாதுன்னு தோண்டுனவங்களை எல்லாம் மேல ஏத்திட்டாரு.”

“மத்தவங்க?”

“கோயிலுக்குப் போயிட்டோம். பூக்கட்டிப் பார்த்தோம்.”

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துக் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பது அந்த ஊர் வழக்கம். வெள்ளை வந்தால் நல்லது. கல்யாணமானாலும் வழக்கானாலும் அங்கே பூதான் தீர்ப்பு.

“நான்தான் எடுத்தேன் சாமி. வெள்ளை வந்துச்சு! இனி ஒண்ணும் ஆகாது, அம்மன் பாத்துக்குவான்னு பூசாரி சொல்லிட்டாரு. எல்லாரும் பொங்கல் வைக்க அடுப்பு மூட்டியாச்சு.”

“நீ?”

“எனக்கு எதுலயும் மனசு நிக்கல. மேஸ்திரி சொல்றதை நினைச்சா நம்பிக்கை விட்டுப்போகுது. பூவை நினைச்சா தெம்பா இருக்கு. ரெண்டுல எதை நம்புறது? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

கூடப் பிறந்தவன் மண்ணுக்குள் கிடக்கிறான், இவன் மலையேறி வந்து கேட்கிற கேள்வியைப் பாருங்கள். திட்டவும் மனசு வரவில்லை. பயத்தில் முகம் வெளிறிப்போயிருந்தது.

குரு கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். உள்ளே போய் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு மலையிறங்க ஆரம்பித்தார்.

வேலப்பன் பின்னால் ஓடினான்.

“சாமி, பதில் சொல்லலையே?”

“வேகமா நட.”

“இருக்கானா இல்லையான்னு தெரியாம எப்படி சாமி தோண்டுறது?”

“தெரிஞ்சுக்கத்தான்.”

“எதிர்க்கரையும் விழுந்துட்டா?”

“விழலாம்.”

வேலப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையை எட்டிப் போட்டான்.

கிணற்று மேட்டில் தங்கையா மேஸ்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அழுது கண் சிவந்திருந்தது. கோயில் பக்கமிருந்து குலவைச் சத்தம் கேட்டது.

கிணற்றுக்குள் குமரேசனின் மனைவி பேச்சி மட்டும் இருந்தாள். ஆட்கள் மேலே ஏறியதும் அவள் இறங்கியிருக்கிறாள். இரும்புச் சட்டியில் மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். விரல் நகமெல்லாம் பெயர்ந்து ரத்தமாக இருந்தது.

குரு படியிறங்கி அவள் பக்கத்தில் நின்று வெட்ட ஆரம்பித்தார். வேலப்பன் சட்டியை வாங்கிக்கொண்டான்.

“சாமி! விஷயம் தெரிஞ்சவங்க நீங்களே இப்படி இறங்கலாமா?” என்று மேலிருந்து மேஸ்திரி கத்தினார்.

குரு நிமிரவில்லை.

எதிர்க்கரையிலிருந்து மண்கட்டிகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்று விழும்போதும் வேலப்பன் சட்டியைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தான். பேச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மண்வெட்டி பொத்துக்கொண்டு உள்ளே போனது. மூன்று பேருமாகக் கையாலேயே ஓட்டையைப் பெரிதாக்கினார்கள்.

குமரேசன் அவர்களைப் பார்த்த வாக்கில் குப்புறக் கிடந்தான். கையில் கடப்பாரை. அவன் காலுக்குப் பின்னால் மண் குவிந்து கிடந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பறித்துப் பின்னால் தள்ளிய மண்.

வேலப்பனுக்கு விளங்க ஒரு நொடி ஆயிற்று. குமரேசன் ஓய்ந்துபோய்த் தட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டுத் தோண்ட ஆரம்பித்திருக்கிறான். வெளியே ஆட்கள் தோண்டிக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்துத் தன் பங்குக்கு அவனும் தோண்டி வந்திருக்கிறான். நடுவில் மிச்சமிருந்தது ஒரு முழ மண்தான்.

பேச்சி அவன் கழுத்தைத் தொட்டாள்.

“சூடு இருக்கு,” என்றாள். “சாமி, சூடு இருக்கு சாமி!”

குரு அவனைப் புரட்டி நெஞ்சில் காதை வைத்தார். வெகுநேரம் காதை எடுக்கவில்லை. பிறகு இல்லை என்று தலையை மெல்ல அசைத்தார்.

மேலே தூக்கி வந்து கிடத்தினார்கள். கோயிலிலிருந்து ஊரே ஓடி வந்தது.

மேஸ்திரி துண்டால் கண்ணைத் துடைத்தார்.

“நான் அப்பவே சொன்னேனே, ஆளு முடிஞ்சிட்டான்னு.”

பூசாரி கையில் திருநீற்றுத் தட்டோடு நின்றார்.

“அம்மன் பொய் சொல்லல. பூ எடுத்த நேரத்துல உயிரோடதான் இருந்திருக்கான்.”

வேலப்பன் குருவிடம் திரும்பினான். பழக்கதோஷம், அந்த நேரத்திலும் விடவில்லை.

“சாமி, இதுல யாரு சொன்னது...”

“ரெண்டு பேரு சொன்னதும் சரிதான்,” என்றார் குரு.

பேச்சி புருஷன் தலையை மடியில் எடுத்து வைத்து, வாயிலிருந்த மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்துவிட்டு வேலப்பனை ஏறிட்டுப் பார்த்தாள்.

“அத்தான், சாமியோட வந்து இறங்குற வரைக்கும் நீங்க எங்க போயிருந்தீங்க?”