மரம் வாய் திறக்கக் காத்திருந்த மரங்கொத்தி

காட்டோர மருத மரம் ஒன்றில் கொண்டைச்சாமி என்ற மரங்கொத்தி பொந்து குடைந்துகொண்டிருந்தது. மரத்தடியில் அதன் மனைவி செவ்வந்தி எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தது. செவ்வந்திக்கு வயிற்றில் முட்டை. இன்னும் பத்தே நாளில் இட்டாக வேண்டும். பொந்தோ ஒரு விரல் ஆழம்கூட இறங்கவில்லை.

மரங்கொத்திகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொந்தில் ஒரு முறைதான் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் பறந்ததும் அந்தப் பொந்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த வருஷம் வேறு மரம், வேறு பொந்து. பழைய பொந்தில் யார் குடிவந்தார்கள் என்று எட்டிக்கூடப் பார்க்காது. கொண்டைச்சாமியும் அப்படித்தான் ஏழு வருஷமாகக் குடைவதும் விடுவதுமாகக் காலத்தை ஓட்டியிருந்தது.

எதிரே ஓர் இலுப்பை மரம். அதிலிருந்த பொந்தில் முழியப்பர் என்ற ஆந்தை வசித்தார். இரவில் பூச்சி பிடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். எதிர் மரத்து 'டொக் டொக்'கில் மூன்று நாளாக அவருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. சத்தம் போடாதே என்று நேராகவே சொல்லியிருக்கலாம். ஆனால் பெரிய மனிதர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர் பொந்திலிருந்து தலையை நீட்டினார்.

"தம்பி, எதுக்கு இப்படி மரத்துல முட்டிக்கிட்டு இருக்கே?"

"பொந்து குடையறேன் ஐயா."

"அது தெரியுது. நாம எதுக்குப் பொறந்தோம்னு என்னைக்காவது யோசிச்சிருக்கியா?"

கொண்டைச்சாமி யோசித்ததில்லை. அலகு பாதியில் நின்றது. ஏழு வருஷம், ஏழு பொந்து. குடைந்தோம், விட்டோம், போனோம். நம்முடையது என்று காட்ட என்ன இருக்கிறது? திடீரென்று பழகிய காடே அதற்கு அந்நியமாகத் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. அது நடிப்பில்லை, பாவம். நிஜமாகவே கலங்கிப்போயிற்று.

அது கீழே இறங்கி வந்து மனைவியிடம் கேட்டது. "செவ்வந்தி, நாம எதுக்குப் பொறந்தோம்?"

"என்னைக் கேட்டா? எனக்கு இப்ப பொந்து வேணும். அதை முடிச்சிட்டு யோசிங்களேன்."

"அர்த்தம் தெரியாம கொத்தினா அது வெறும் சத்தம்."

"வெறும் சத்தத்துலதான் போன வருஷம் ரெண்டு குஞ்சு பொரிச்சோம்" என்றது செவ்வந்தி. கொண்டைச்சாமி காதில் வாங்கவில்லை. அன்று மாலையே இலுப்பை மரத்துக்குப் போய் முழியப்பரின் சீடனாகச் சேர்ந்துவிட்டது.

முதல் பாடம், பகல் முழுவதும் மௌனம். இரண்டாம் பாடமும் அதுதான். முழியப்பர் நன்றாகத் தூங்கினார்.

மூன்றாம் நாள் கொண்டைச்சாமி குருவின் பொந்தை உற்றுப் பார்த்தது. வட்டமான வாசல். உள்ளே மழமழவென்று சுவர். எவ்வளவு நேர்த்தி!

"ஐயா, இந்தப் பொந்து உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

உண்மையில், இருக்க இடம் இல்லாமல் மூன்று நாள் இலுப்பைக் கிளையில் உட்கார்ந்திருந்தவர், நான்காம் நாள் காலியாகக் கிடந்த பொந்தைப் பார்த்துப் புகுந்துகொண்டார். வருஷம் இரண்டு ஆனதில் அந்தக் கதை அவர் மனதிலேயே வேறு மாதிரி வளர்ந்திருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார்.

"தவம் செஞ்சேன். மரம் தானா வாய் திறந்துச்சு."

கொண்டைச்சாமிக்கு மெய் சிலிர்த்தது. வீட்டுக்குப் பறந்துவந்து மனைவியிடம் சொன்னது. செவ்வந்தி கணவனை ஏற இறங்கப் பார்த்தது.

"எந்த இலுப்பை? எதிர்ல இருக்கறதா? அது நீங்க குடைஞ்ச பொந்துங்க. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அதுலதானே குடியிருந்தோம்."

"என்ன பேச்சு பேசறே! அவ்வளவு அழகான பொந்து என் அலகாலயா வந்திருக்கும்?"

செவ்வந்தி எறும்பு பொறுக்கப் போய்விட்டது.

சந்தேகத்துக்கு இன்னொருவரையும் கேட்டுவிடலாம் என்று கொண்டைச்சாமி மரகதம் என்ற கிளியிடம் போனது. மரகதம் ஒரு வேப்ப மரப் பொந்தில் சொகுசாக இருந்தாள். அந்தப் பொந்தைக் குடைந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"மனசுக்குப் பிடிச்சதைச் செய். அதுதான் வாழ்க்கை" என்றாள் மரகதம்.

"எனக்குக் கொத்தறதுதான் பிடிக்கும்."

"அது பிடிச்சது இல்ல, பழக்கம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

என்ன வித்தியாசம் என்று கொண்டைச்சாமி கேட்கவில்லை. மரகதமும் சொல்லவில்லை. ஒரு கோவைப்பழத்தைக் கொறித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆக, தவம்தான் வழி என்று முடிவாயிற்று. கொண்டைச்சாமி மருத மரத்துக்கு வந்து, தான் பாதியில் விட்ட இடத்துக்கு எதிரே ஒரு கிளையில் கண்ணை மூடி உட்கார்ந்தது. மரம் வாய் திறக்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று சபதம். மரங்கொத்தி ஒன்று மரத்தின் முன்னால் உட்கார்ந்து, மரம் தானாகத் திறக்கும் என்று காத்திருந்ததை அந்தக் காடு அதற்கு முன் பார்த்ததில்லை. அணில்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தன.

செவ்வந்தி வேடிக்கை பார்க்கவில்லை. தானே ஏறிக் கொத்த ஆரம்பித்தது. வயிறு கனத்தது. பத்துக் கொத்து கொத்தினால் மூச்சு வாங்கியது. கொஞ்சம் தொங்கி ஓய்வெடுக்கும், மறுபடி கொத்தும்.

"செவ்வந்தி, கொஞ்சம் மெதுவா. தவம் கலையுது" என்றது கொண்டைச்சாமி, கண்ணைத் திறக்காமலே.

அப்போது செவ்வந்திக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஆனால் திட்டவும் தெம்பு வேண்டுமே. அது கொத்திக்கொண்டே இருந்தது.

பத்தாம் நாள் காலை முட்டை வந்துவிட்டது. வாசல் மட்டும்தான் தயார். உள்ளே ஒரு கை மண் அள்ளிப் போட்டால் நிறைந்துவிடும், அவ்வளவுதான் பள்ளம். வேறு வழியில்லாமல் செவ்வந்தி அதிலேயே முட்டையிட்டது. வெள்ளை வெளேரென்று முட்டை. அது நகர்ந்து உட்கார்வதற்குள் முட்டை உருண்டு, வாசலைத் தாண்டி, கீழே விழுந்தது.

சின்னச் சத்தம்தான். கொண்டைச்சாமி கண்ணைத் திறந்தது. கீழே வேரின் மேல் மஞ்சளும் வெள்ளையுமாகச் சிதறிக் கிடந்ததைப் பார்த்தது. மேலே மனைவியைப் பார்த்தது. செவ்வந்தி அழவில்லை, கத்தவும் இல்லை.

"வயித்துல இன்னும் ரெண்டு இருக்கு" என்றது. "நாளைக்கு ஒண்ணு. நாளான்னைக்கு ஒண்ணு."

கொண்டைச்சாமி கிளையை விட்டு எழுந்தது. பறந்துபோய் மரத்தைப் பிடித்தது. கொத்தியது. சிராய் பறந்தது. கழுத்து வலித்தது, அலகு காந்தியது, நிறுத்தவில்லை. பத்து நாளாக மனதைக் குடைந்த கேள்வி எப்போது ஓடிப்போனது என்று அதற்கே தெரியாது. தேடிப் பார்க்கவும் நேரமில்லை.

உச்சிவெயிலில் முழியப்பர் சிவந்த கண்ணோடு தலையை நீட்டினார்.

"சீடா! மறுபடி ஆரம்பிச்சிட்டியா? இத்தனை நாள் தவத்துல என்ன கண்டுபிடிச்சே?"

"நாளைக்கு விடியறதுக்குள்ள ஒரு சாண் ஆழம் வேணும் ஐயா. அதைத்தான் கண்டுபிடிச்சேன்."

"அது வேலை. வாழ்க்கையோட அர்த்தம் இல்ல."

"இருக்கலாம் ஐயா. கொஞ்சம் தலையை உள்ள இழுத்துக்குங்க, சிராய் தெறிக்குது."

பொழுது சாய்வதற்குள் ஒரு சாணுக்கு மேலேயே இறங்கியிருந்தது. மறுநாள் காலை செவ்வந்தி உள்ளே இறங்கி முட்டையிட்டது. அது உருளவில்லை. அதற்கடுத்த நாள் இன்னொன்று. கொண்டைச்சாமி உள்ளே போய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. மூன்றாவது இருந்திருக்க வேண்டிய இடமும் கண்ணில் பட்டது. அன்று மாலையில் செவ்வந்தி தானாகவே நகர்ந்து அதற்கு அடைகாக்க இடம் கொடுத்தது.

சில வாரங்களில் இரண்டு குஞ்சுகளும் வாசலில் தலையை நீட்டிக் கத்த ஆரம்பித்தன. முழியப்பரும் காடு முழுக்கச் சொல்ல ஆரம்பித்தார். "அவனா? என் சீடன்தான். வழி தெரியாம கெடந்தான். நான்தான் வழிகாட்டினேன்."

அதைக் கேட்டு, வழி தெரியாமல் கிடந்த ஒரு கீரி கொண்டைச்சாமியைத் தேடி வந்தது. "அண்ணே, வாழ்க்கைக்கு அர்த்தம் கண்டுபிடிச்சிட்டீங்களாமே! எனக்கும் சொல்லுங்க."

கொண்டைச்சாமியின் வாய் நிறைய எறும்பு. அது எதுவும் சொல்லாமல், கத்திக்கொண்டிருந்த குஞ்சுகளிடம் பறந்துபோயிற்று. கீரி மாலைவரை காத்திருந்துவிட்டு, இலுப்பை மரத்துக்குப் போய் முழியப்பரிடம் சேர்ந்துகொண்டது.

வாழ்க்கைக்கு அர்த்தம் தேடிப் புறப்படுகிறவர், தம்மை நம்பிக் காத்திருப்பவர் யார் என்று முதலில் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும்.