பாதியில் நின்ற அப்டேட்

குருபூசைக்கு முந்தின வாரம் மடத்து ஸ்பீக்கர் ஊமையாகிப் போனது. ஊமையாக்கியவர் ஏகாம்பரம்.

கையடக்கமான ஸ்பீக்கர். போனிலிருந்து ப்ளூடூத்தில் பாடும். அந்த மடத்தில் பாடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. யாரோ ஒரு பக்தர் வாங்கி வைத்துவிட்டுப் போன அதுதான் காலை வழிபாட்டில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாகப் பாட்டு நடுநடுவே அறுந்தது. ஸ்பீக்கருக்குப் புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறது, ஏற்றிக்கொண்டால் கோளாறு சரியாகும் என்று மடத்துப் போனில் ஓர் அறிவிப்பும் வந்தது.

ஏகாம்பரம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அறிவிப்புகளை மதிப்பவர். மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்டேட்டைத் தொடங்கினார். மலையடிவாரத்தில் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. திரையில் பச்சைப் பட்டை எறும்பு மாதிரி ஊர்ந்தது. முடியும்வரை போனையோ ஸ்பீக்கரையோ அணைக்க வேண்டாம் என்று அதன் கீழே எழுதியிருந்தது.

பட்டை பாதியைத் தாண்டியபோது அந்தி மணி அடித்தது.

அந்தி மணி அடித்தால் மறுநாள் காலைவரை மடத்தில் ஒரு போனும் உயிரோடு இருக்கக் கூடாது. மடத்தின் தலைவி உமையாள் அம்மை போட்ட விதி. ஏகாம்பரம் பட்டையைப் பார்த்தார். மணியைக் கேட்டார். போனை அணைத்தார்.

காலையில் ஸ்பீக்கரில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு மினுங்கியது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அதே மினுக்கல்தான்.

அடுப்படியில் மாணிக்கவல்லி உளுந்து களைந்துகொண்டிருந்தாள். "என்ன அண்ணாச்சி, நீங்க ஆறு வருசமா தீட்சை கேக்கீங்க, கிடைக்கல. அதுக்கு ஒரே ராத்திரியில மௌன தீட்சை கொடுத்துட்டீங்களாமே?"

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அவள் சொன்ன ஆறு வருடம் சரியான கணக்கு. மடத்துக்கு வந்த நாள் முதல் அவர் வெள்ளை வேட்டியிலேயே இருந்தார். ஒவ்வொரு குருபூசையிலும் அம்மை யாருக்காவது காவி கொடுப்பார். ஒவ்வொரு முறையும் ஏகாம்பரம் "எனக்கு எப்போம்மா?" என்பார். அம்மை "பார்க்கலாம்" என்பார். அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர்.

இந்த வருடம் அவரால் "பார்க்கலாம்" என்பதைக் கேட்டுக்கொண்டு திரும்ப முடியாது. காரணம் இருந்தது. போன மாதம் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய் வந்திருந்தார். மனைவி செண்பகம் கதவைத் திறந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். விருந்தாளிக்கு எடுக்கும் டம்ளரில் காபி கொடுத்தாள். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதையும் அவள் வெளியூரில் இருப்பதையும் சொன்னாள். திட்டியிருந்தால் அவர் அங்கேயே இருந்திருப்பார்.

"கடைசி பஸ் ஏழரைக்கு. இப்பக் கிளம்பினாதான் சரியா இருக்கும்" என்றாள்.

அந்த வழியில் காலமெல்லாம் டிக்கெட் பரிசோதித்தவருக்கு அவள் பஸ் நேரம் சொன்னாள். ஏகாம்பரம் கிளம்பி வந்துவிட்டார். இனி அவருக்கு மிச்சம் இருந்தது காவி ஒன்றுதான். அதையும் இந்த வாரம் பார்த்துக் கெடுத்துக்கொண்டோமே என்று நினைத்தபடி, ஸ்பீக்கரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அம்மையிடம் போனார்.

அம்மை கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தார்.

"திரையில என்ன எழுதியிருந்தது?"

"முடியிற வரைக்கும் அணைக்க வேண்டாம்னு."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்மா."

"அப்புறம்?"

"மணி அடிச்சுது. மணி அடிச்சா அணைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன்" என்றார் அம்மை. பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டார். "நீங்க வீட்டை விட்டு வந்தப்போ பொண்ணு என்ன படிச்சிட்டிருந்தா?"

ஏகாம்பரம் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "பன்னிரண்டாவது."

"பரீட்சை?"

"நடந்துட்டிருந்துது. இன்னும் ரெண்டு பாக்கி."

"அது முடியிற வரைக்கும் இருந்திருக்கலாமே."

"எங்க ஊர்க் கோயில்ல நீங்க பேசினீங்கம்மா. எழுந்திருக்கணும்னு தோணினா அப்பவே எழுந்திருச்சிரணும், நாளைக்குன்னா அது நடக்காதுன்னு சொன்னீங்க. அன்னைக்கே எழுந்து வந்துட்டேன்."

"சொன்னேன்" என்றார் அம்மை மறுபடியும். அடுத்த துணியை எடுத்தவர் அதைப் பிழியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். தண்ணீர் அவர் காலில் சொட்டியது.

"டவுன்ல கடை இருக்கு. காட்டிட்டு வாங்க."

கடைக்காரர் ஸ்பீக்கரைத் தன் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார். இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கிப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"பழசை அழிச்சிருச்சு சார். புதுசு முழுசா ஏறல. பாதியில யாரோ நிறுத்திட்டாங்க."

"பழையபடியே ஆக்கிட முடியாதா?"

"திரும்பிப் போறதுக்கு அங்க ஒண்ணும் இல்லையே."

"அப்போ புதுசை மீதியும் ஏத்திருங்க."

"ஏத்திக்கிறதுக்கும் உள்ள ஏதாவது ஒண்ணு முழுசா இருக்கணும்ல? இதுல அதுவும் இல்ல."

"விளக்கு எரியுதே தம்பி."

"எரியும். சார்ஜ் இருக்கிற வரைக்கும் எரியும். அவ்வளவுதான்."

பஸ்ஸில் வரும்போது ஏகாம்பரம் அதை மடியில் வைத்திருந்தார். ஒரு குழந்தை விளக்கைத் தொட்டுப் பார்த்து, "தாத்தா, இது என்ன பாட்டுப் பாடும்?" என்று கேட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைக்காரர் சொன்னதை அம்மையிடம் அப்படியே சொன்னார். ஒரு வார்த்தையும் விடவில்லை.

"இருந்த இடத்தில வைங்க" என்றார் அம்மை.

மறுநாள் காலை வழிபாட்டுக்கு எல்லோரும் வழக்கம்போல் உட்கார்ந்தார்கள். மண்டபத்துத் தூண் ஓரம், வழக்கமான மரப்பலகையில், ஸ்பீக்கர் இருந்தது. பாட்டு இல்லை. ஒரு பாட்டு நேரம் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. மாணிக்கவல்லியின் கேலியும் நின்றது. ராத்திரி ஏகாம்பரத்தின் தட்டில் இரண்டாவது கரண்டி குழம்பு ஊற்றினாள், அவர் கேட்காமலே.

குருபூசை அன்று காலை பித்தளைத் தட்டில் காவித்துணி மடித்து வைத்திருந்தது. ஏகாம்பரம் குளித்து, துவைத்த வேட்டி கட்டி, முன்வரிசையில் உட்கார்ந்தார். அம்மை தட்டை எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து போய், பின்வரிசையில் இருந்த பாக்கியத்தின் கையில் கொடுத்தார். பாக்கியம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மடத்துக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவளே எதிர்பார்க்கவில்லை, தட்டை வாங்கிக்கொண்டு ஏகாம்பரத்தைத்தான் பார்த்தாள்.

ஏகாம்பரம் அன்று முழுவதும் பந்தியில் இலை போட்டார், எடுத்தார். வந்தவர்களுக்குச் செருப்பு விடும் இடத்தைக் காட்டினார். எல்லோரும் போனபிறகு மண்டபத்தைப் பெருக்கினார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

பலகையில் ஸ்பீக்கரின் விளக்கு மங்கிப் போயிருந்தது. முன்னைவிட இடைவெளி விட்டு மினுங்கியது. அவர் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு அதைக் கையில் எடுத்தார்.

அம்மை தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து நின்ற கால்களை நீட்டியிருந்தார். ஏகாம்பரம் எதிரே போய் நின்றார். எனக்கு எப்போம்மா என்று அவர் கேட்கவில்லை. இந்த வருடம்தான் முதல்முறையாகக் கேட்கவில்லை.

"இது சார்ஜ் தீரப் போகுதும்மா" என்றார்.

"சரி."

"பழசுக்கும் போகாது. புதுசாவும் ஆகாது. கடைக்காரரே சொல்லிட்டாரு."

"நீங்க சொன்னீங்க."

"இனி ஒருநாளும் பாடாது."

"பாடாது."

ஏகாம்பரம் ஸ்பீக்கரைப் பார்த்தார். விளக்கு அணைந்தது போலிருந்து மறுபடி வந்தது.

"அப்புறம் இதுக்கு இனி சார்ஜ் போட்டு என்னம்மா பிரயோஜனம்? அணைஞ்சு போகட்டும்னு விட்டுரலாமே."

அம்மை கால்களை மடக்கிக்கொண்டார். அவரை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"உங்களுக்கு தினமும் ராத்திரி சோறு போடுறோம், ஏகாம்பரம். என்ன பிரயோஜனம்னு இங்க யாரும் கேட்டதில்ல. மணி அடிக்கிறதுக்குள்ள போய் சார்ஜ்ல போடுங்க."