ஏரிக்கரையில் ஓடிய தும்பி

கேளுங்கள், பெரியோரே; நீங்களும் கேளுங்கள், பிள்ளைகளே. மண்ணால் கோட்டை கட்டி நாலைந்து சிற்றூர்களை ஆண்டவனையும் அரசன் என்றே அழைத்த பழங்காலத்தில், ஒரு பெரிய ஏரியின் கரையில் கடம்பவேள் என்ற அரசன் இருந்தான்.

அவன் நல்லவன். குடிகளை வருத்தாதவன். ஆனால் பறவை வேட்டை என்றால் ஊணையும் உறக்கத்தையும் மறந்துவிடுவான். நாணற்காட்டில் நாய் முன்னே போக, வில்லோடு இவன் பின்னே போக, விடியலில் கிளம்பினால் வெயில் ஏறித்தான் திரும்புவான்.

ஒருநாள் குதிரை இடறி விழுந்தது. அரசனின் வலது முழங்கால் நொறுங்கியது. வைத்தியர்கள் கட்டினார்கள், எண்ணெய் வார்த்தார்கள், எலும்பும் கூடியது. நடைதான் திரும்பி வரவில்லை. கோலூன்றி முற்றத்தைக் கடப்பதற்குள் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

அந்த ஆண்டு வேட்டுவர் தலைவி செங்கொற்றி மூன்று நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்து அரசன் முன் விட்டாள். ஒன்று கொழுத்தது, விட்ட இடத்திலேயே படுத்துத் தூங்கியது. ஒன்று அடக்கமானது; அரசனின் காலடியில் வந்து உட்கார்ந்தது. மூன்றாவது செம்மண் நிறம், மெலிந்த இடுப்பு, நீண்ட காது. அது நிற்கவே இல்லை. முற்றத்தைச் சுற்றி ஓடியது, தூணை மோந்தது, ஏரிப்பக்கம் மூக்கைத் தூக்கி நடுங்கியது.

அரசி குவளை மெல்லச் சொன்னாள்: "காலடியில் இருக்கிறதே, அது உங்களுக்குத் துணையாக இருக்கும்."

"எனக்குத் துணையா? கிழவனுக்குத் துணை என்று சொல்" என்றான் அரசன். செம்மண் நிறக் குட்டியை வாரி எடுத்து மார்பில் சேர்த்துக்கொண்டான்.

செங்கொற்றி தயங்கினாள். "வேந்தே, அது ஓடும் சாதி. காலையும் மாலையும் களைக்கக் களைக்க ஓடவேண்டும். மோப்பத்துக்கும் வேலை வேண்டும். இல்லாவிட்டால்..."

"இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், கொற்றி. இப்படிப்பட்ட நாய்களோடுதான் நான் வளர்ந்தேன்."

உண்மைதான், அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தான்.

குட்டிக்குத் தும்பி என்று பெயர் வைத்தான். அது வளர்ந்தது. அடுத்த வேனில் முழுவதும் அரசன் நாள்தோறும் பல்லக்கில் ஏரிக்கரைக்குப் போனான். தும்பி நாணலுக்குள் பாயும். பறவையின் வாடை பட்டால் ஒரு காலைத் தூக்கியபடி சிலையாக நிற்கும். அரசன் சீழ்க்கை அடித்தால் பறவையை எழுப்பும். அவன் அம்பில் விழுந்ததை இறகு கசங்காமல் கவ்வி வந்து அவன் கையில் வைக்கும். அதன் ஓட்டத்தைப் பார்க்கும்போது அவனுக்குத் தன் கால் நினைவே வராது.

பிறகு மழை வந்தது. ஈரக்காற்றில் முழங்கால் குடைந்தது. "இன்று கால் வலிக்கிறது, நாளைக்குப் போவோம்" என்றான். மறுநாள், "மழை தூறுகிறது, நாளைக்குப் போவோம்" என்றான். அதற்கு மறுநாள் ஒன்றும் சொல்லவில்லை.

தும்பி வாசலில் காத்து நின்றது. அழுதது. பிறகு அரண்மனையைத் தன் நாணற்காடாக ஆக்கிக்கொண்டது. பட்டு மெத்தையைக் கிழித்தது. முல்லைப் பந்தலின் வேரைத் தோண்டியது. முற்றத்துத் தூணையே சுற்றிச் சுற்றி ஓடியதில் தரையில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்தது.

குதிரைக்காரன் வந்து கைகட்டி நின்றான். "குதிரைகளை ஓட்டிப் போகும்போது தும்பியையும் அழைத்துப் போகட்டுமா, வேந்தே?"

"என் நாய் உன் சீழ்க்கைக்கு ஓடுவதா? போ" என்றான் அரசன்.

அரசி வந்தாள். "நானாவது கரைவரை கூட்டிப் போய் வருகிறேனே."

"அது என் நாய், குவளை. நான் கூட்டிப் போவேன்."

கடைசியில் செங்கொற்றியே வந்தாள். "இந்த மழைக்காலம் மட்டும் எங்களிடம் விடுங்கள். வேனில் பிறந்ததும் நானே கொண்டுவந்து விடுகிறேன்."

அரசன் தும்பியை அருகே இழுத்துக்கொண்டான். "உன்னோடு வந்தால் அது உன்னுடையதாகிவிடும். அதை விட்டால் எனக்கு வேட்டை என்று வேறு எது இருக்கிறது?" என்றான். அன்றே தும்பிக்கு வெள்ளிச் சங்கிலி பூட்டச் சொன்னான்.

வெள்ளிச் சங்கிலியும் சங்கிலிதானே! தும்பி இழுத்தது, கழுத்து புண்ணானது. ஊளையிட்டது, குரல் கம்மியது. பிறகு முன்னங்காலை நக்கத் தொடங்கியது, மயிர் உதிர்ந்து தோல் சிவக்கும் வரை நக்கியது. பாலும் சோறும் வைத்த தட்டில் எறும்பு ஊர்ந்தது. ஒருநாள் சத்தமே இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டது.

"பார்த்தாயா, அடங்கிவிட்டது" என்றான் அரசன்.

அரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மழை ஓய்ந்தது. ஏரி நிறைந்து கடல்போல் கிடந்தது. வடக்கிலிருந்து பறவைகள் வந்து இறங்கின. அரசனுக்கு வலி குறைந்திருந்தது. "தும்பியை அவிழ்த்துவிடுங்கள், வேட்டைக்குப் போகிறோம்!" என்று கூவினான்.

வேட்டை என்ற சொல்லுக்குத் தும்பி எழுந்தது. தள்ளாடியது. கரைக்கு வந்து நீரின் வாடை பட்டதும், ஐயோ, அந்த ஓட்டத்தை எப்படிச் சொல்வேன்! குட்டியாக இருந்தபோது ஓடியதுபோல ஓடியது. அரசன் பல்லக்கில் எழுந்து நின்று சிரித்தான். நாண் ஏற்றி எய்தான். ஒரு நீர்க்கோழி ஏரியின் நடுவில் போய் விழுந்தது.

"வேண்டாம், வேந்தே! கட்டிக்கிடந்த உடம்பு, தாங்காது!" என்று வேட்டைக்கு உடன் வந்த செங்கொற்றி கத்தினாள். அதற்குள் தும்பி நீரில் பாய்ந்துவிட்டது.

அது போய்ச் சேர்ந்தது. கவ்வியது. திரும்பியது. பாதி வழியில் தலை அமிழ்ந்து எழுந்தது. அரசன், "போடு! பறவையைப் போட்டுவிடு, தும்பி!" என்று அலறினான். அது போடவில்லை. செங்கொற்றி குதித்து நீந்திப் போனாள். அவள் நெருங்குவதற்குள் அதுவே கரை தொட்டுவிட்டது. அரசன் பல்லக்கிலிருந்து விழுந்து, சேற்றில் தவழ்ந்து வந்தான். தும்பி பறவையை அவன் கையில் வைத்தது. அவன் மடியில் தலை சாய்த்தது. வால் ஒருமுறை அசைந்தது, அவ்வளவுதான். உடல் விறைக்கும் வரை அரசன் அதைக் கீழே வைக்கவில்லை.

வேட்டுவர்கள் கல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். "வேட்டையில் உயிர்விட்ட நாய்க்கு நடுகல் நடுவது எங்கள் வழக்கம்" என்றார்கள்.

"வேண்டாம்" என்றான் கடம்பவேள். "பொய்க்கல் நடாதீர்கள். தும்பி வேட்டையில் சாகவில்லை. என் முற்றத்தில், என் கண்முன்னே, என் சங்கிலியில் செத்தது. இங்கே வந்தது மிச்ச உயிர்தான்."

கல் நடாமலே புதைத்தார்கள். அரசன் அதன்பின் வில்லைத் தொடவில்லை. நெடுங்காலம் வாழ்ந்தான், நன்றாகவே ஆண்டான். ஆனால் மழை ஓய்ந்து பறவைகள் வந்து இறங்கும் நாள்களில், ஏரிப்பக்கத்துச் சாளரங்களை மூடச் சொல்லிவிட்டு, அரசியிடம்கூடப் பேசாமல் உட்கார்ந்திருப்பான்.

ஆகவே, கேட்டவர்களே, மனத்தில் வையுங்கள்: ஓர் உயிரை நமக்குப் பிடித்திருக்கிறது என்று எடுத்து வளர்ப்பவர், அதற்கு வேண்டியதைத் தாமும் கொடுக்காமல் பிறரையும் கொடுக்கவிடாமல் வைத்திருந்தால், அது அன்பு ஆகாது, சிறைதான்.