யாரும் சாகாத மேசை

"என் மேசையில யாரும் சாகறதில்ல டீச்சர். அப்படியும் யாரும் வரமாட்டேங்கறாங்க."

கோத்தகிரியில் ஹெப்சிபா டீச்சர் வீட்டு வாசலில், நனைந்த குடையை மடக்கக்கூட இல்லாமல் நவநீதன் இதைச் சொன்னான்.

டீச்சர் அவனைவிட வயதில் இளையவர். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். நவநீதன் அவரிடம் கற்றது கணக்கு இல்லை, ஒரு விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ மாறி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். வீசிய கத்தி படுமா படாதா என்பதைப் பகடை சொல்லும்; ஆபத்தில் ஒன்று விழுந்தால் அந்த ஆளுக்குச் சாவு.

"உள்ள வாங்க. முதல்ல டீ குடிங்க."

திருப்பூரில் பனியன் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். ஒற்றை அறை, ஒற்றைக் கட்டில். ஞாயிறு மதியம் மட்டும் அவன் சொல்லும் கதையை விளையாட நான்கு பேர் வந்து உட்காருவார்கள். அந்த ஒரு மதியத்தை நம்பித்தான் மற்ற நாட்களை ஓட்டினான்.

அவர்களில் ஒருவருடைய வீரன் செத்துப்போனால் அவரும் எழுந்து போய்விடுவாரோ என்று பயம். அதனால் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பகடையை உருட்டுவான். கெட்ட எண் விழுந்தால் வேறு எண்ணைச் சொல்லிவிடுவான்.

"முதல்ல வராம போனது யாரு?" என்றார் டீச்சர்.

"வஹீதா."

"என்ன நடந்துச்சு?"

"விளையாட்டுல அவங்க ஆளு கொற்றின்னு ஒரு வேல்காரி. அரக்கன் துரத்திட்டு வந்தான். மத்தவங்களை ஓடச் சொல்லிட்டு, பாலத்துல தனியா நின்னுட்டா."

"பகடை?"

"சாவுன்னு விழுந்துச்சு. அரக்கனுக்குக் கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

"வஹீதா சந்தோஷப்பட்டாங்களா?"

"இல்ல. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. அடுத்த வாரம் வரல. அப்புறம் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. போன ஞாயித்துக்கிழமை எல்லா நாற்காலியையும் போட்டு வெச்சுட்டு, பொழுது சாயற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன் டீச்சர்."

டீச்சர் டீயை அவன் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே சொல்லுங்க. சண்டைன்னா எத்தனை பேர் சாகணும்? பத்துல ஒருத்தரா? பாதிப் பேரா? அதை மட்டும் சொல்லிடுங்க, நான் போயிடறேன்."

டீச்சர் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் அவன் முன்னால் வைத்தார்.

"விளையாட்டுக்கு ஒரு ஆளு செய்யுங்க."

அவன் யோசித்து எழுதினான். "சடையன். தோணிக்காரன். நல்லா நீந்துவான். சண்டை தெரியாது."

"சொந்தம்?"

"யாரும் இல்ல."

டீச்சர் கதையைத் தொடங்கினார். ஆற்றில் வெள்ளம். அக்கரையில் இருக்கும் அம்மாவிடம் போக ஒரு சின்னப் பெண் தோணியில் உட்கார்ந்திருக்கிறாள். நடு ஆற்றில் தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு பூதம் எழும்புகிறது. தோணி உடைகிறது. பெண் தண்ணீரில்.

"என்ன செய்யறீங்க?"

"குதிக்கிறேன்."

டீச்சர் பகடையை உருட்டினார். உருண்டு நிற்கும் முன்பே எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து மூடினார். ஓரத்தைத் தூக்கி, தான் மட்டும் பார்த்தார்.

"அதோட பல்லு உங்க மேல படல."

"பொண்ணைத் தோள்ல ஏத்திக்கிட்டு நீந்தறேன்."

உருட்டினார். மூடினார். பார்த்தார்.

"படல."

"கரை தெரியுதா?"

"தெரியுது. ஆனா பூதம் பொண்ணைக் குறிவெச்சு வருது."

நவநீதன் நாற்காலி நுனிக்கு வந்திருந்தான். "அவளைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டுடறேன். நான் திரும்பி அதுக்கு நேரா நிக்கிறேன்."

டீச்சர் உருட்டினார். மூடினார். இந்த முறை கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

"அதோட கண்ணுல சேறு பட்டுடுச்சு. உங்களை விட்டுட்டுப் போயிடுச்சு. பிழைச்சுட்டீங்க."

நவநீதன் தம்ளரையே பார்த்தான். டீ ஆடை கட்டிப்போயிருந்தது.

"தம்ளரைத் தூக்குங்க டீச்சர்."

"எதுக்கு? அதான் பிழைச்சாச்சே."

"அது சும்மா போயிடும்னா நான் எதுக்குத் திரும்பி நின்னேன்? குதிச்சது நான். நின்னது நான். அதைப் போய் நீங்க, என்கிட்ட கேக்காமகூட..."

பாதியில் நிறுத்தினான்.

வெளியே மழை விட்டிருந்தது. தேயிலைச் சரிவில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம்.

"வஹீதாவும் இப்படித்தானே பாலத்துல நின்னாங்க..." என்றான்.

டீச்சர் தம்ளர்மேல் விரலை வைத்தார்.

"தூக்கினா சடையன் போனாலும் போயிடுவான். அப்புறம் நான் எதுவும் செய்ய மாட்டேன்."

"தெரியும்."

"தூக்கட்டுமா?"

அவன் காகிதத்தைப் பார்த்தான். பென்சிலில் ஒரு பெயர், அதற்குக் கீழே இரண்டு வரி. ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் அறிமுகமானவன். அவனைப் போகச் சொல்ல வாய் வரவில்லை. இருந்தும் சொன்னான்.

"தூக்குங்க."

தூக்கினார்.

ஒன்று.

"அது உங்களைப் பிடிச்சு ஆத்துக்கு அடியில கொண்டு போயிடுச்சு," என்றார் டீச்சர் மெதுவாக.

"பொண்ணு?"

"கரை ஏறிட்டா. அம்மாகிட்ட ஓடல. ஆத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறா."

நவநீதன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். டீச்சர் எழுந்து போய், ஆறிய டீயைக் கொட்டிவிட்டுப் புது டீ போட்டுக்கொண்டு வந்தார். அதுவரை அவன் அப்படியே இருந்தான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெற்றுக் காகிதம் ஒன்றைத் தன் பக்கம் இழுத்தான்.

"இன்னொரு ஆளு செய்யட்டுமா டீச்சர்?"

டீச்சர் அவன் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டார்.

"இன்னைக்கு வேண்டாம். இன்னைக்குச் சடையனோட இருங்க."