கணினிக்குத் தெரிந்த தேதி

குற்றால மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் சங்கரபாகம் என்றொரு சீடர் இருந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய குரு நிறைமதி அம்மா, வயதில் அவரைவிட மிகவும் இளையவர். சீடரை அவர் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்.

அன்று சங்கரபாகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் ஆவுடைச்செல்வி நார்வேயில் கப்பல் பொறியாளர். அவள் வடிவமைத்த முதல் கப்பல் அன்று பிற்பகல் கடலில் இறங்குகிறது. கப்பல் கட்டும் தளத்தின் இணையப் பக்கத்தில் அதை நேரடியாகக் காட்டுகிறார்கள்.

"அப்பா, நீங்க பாக்கணும். அப்பதான் அது மிதக்கும்" என்று சொல்லியிருந்தாள்.

மலையடிவாரத்தில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. இருந்தது ஒரு பழைய கணினி. நெடுநாளாக யாரும் தொடாதது. அதைத் துடைத்து, உயிர்ப்பித்து, முகவரியைத் தட்டினார்.

'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று வந்தது.

மறுபடி தட்டினார். அதே பதில். நாளிதழின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். பாதுகாப்பானது அல்ல. ரயில், வங்கி, வானிலை, எதைத் தட்டினாலும் அதே பாட்டு. கணினியை அணைத்துப் போட்டார். இணையக் கம்பியைப் பிடுங்கிச் செருகினார். ஒன்றும் நடக்கவில்லை. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது.

பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்த நிறைமதி அம்மா எண்ணெய்க் கையோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, முகம் இப்படிச் சிவந்திருக்கு?"

"எல்லாத் தளமும் கெட்டுப்போச்சும்மா. ஒண்ணுகூட யோக்கியமில்லைங்குது."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"ஒரே நாள்லயா?"

சங்கரபாகத்துக்கு எரிச்சல் வந்தது. "இதோ, 'பரவாயில்லை, தொடர்க'ன்னு ஒரு பொத்தான் இருக்கு. அமுக்கிட்டு உள்ள போயிடுதேன்."

"காவக்காரன் சத்தம் போடுதான். வாயைப் பொத்திட்டாப் போதுமா? எதுக்குச் சத்தம் போடுதான்னு கேட்டீங்களா?"

"அவன்கிட்ட என்னன்னு கேக்க?"

"இன்னைக்கு என்ன தேதின்னு கேளுங்க."

திரையின் மூலையைப் பார்த்தார். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதி. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு தளமும் தான் யார் என்று காட்ட ஒரு சான்றிதழை நீட்டும். எல்லாவற்றிலும் இந்த வருஷத்துத் தேதி. இனிமேல் பிறக்கப் போகிறவனின் பிறப்புச் சான்றிதழை எவன் நம்புவான்?

தேதியைத் திருத்தினார். நாளிதழ் திறந்தது! வானிலையும் திறந்தது. கைதட்டிக்கொண்டே கப்பல் தளத்தின் முகவரியைத் தட்டினார்.

திறக்கவில்லை.

"இன்னும் சந்தேகப்படுதாம்மா?"

"இது சந்தேகமில்ல அண்ணாச்சி. அவங்க இப்போ புது முறையில பூட்டுதாங்க. பக்கத்தைத் திறந்து காட்டுற இந்தப் பழைய உலாவிக்கு அந்தப் பூட்டு புரியாது. புதுசை இறக்குங்க."

"இது எனக்குக் கைப்பழக்கமாச்சே."

"உங்க கைப்பழக்கம் மக கப்பலுக்குத் தெரியாதே."

சிரித்துவிட்டார். புதிய உலாவியை இறக்கினார். பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது. அது முடிவதற்குள் மூன்று முறை எழுந்து நடந்தார். ஒருவழியாக முகவரியைத் தட்டினார். ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டு தெரிந்தது. அடுத்த கணம் திரை முழுக்கக் கடல்.

சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கப்பல் சரிவில் நழுவியது. தண்ணீர் இரண்டு பக்கமும் சுவராக எழுந்து விழுந்தது. கப்பல் ஒருமுறை தள்ளாடி, நிமிர்ந்து, நின்றது. கரையில் மஞ்சள் தொப்பியோடு ஒருத்தி குதித்துக்கொண்டிருந்தாள்.

"மிதக்குது! மிதக்குதும்மா! அந்தா, அவதான்! என் ஆவுடை!"

சத்தம் கேட்டு ஆசிரமமே ஓடி வந்தது. யாரோ குலவை போட்டார்கள். நிறைமதி அம்மா ஆளுக்குக் கை நிறையப் பலாச்சுளை கொடுத்தார். சங்கரபாகம் சுளையைக் கையில் பிடித்தபடி அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார்.

கூட்டம் கலைந்தபின் குருவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, அத்தனை பேரும் ஒரேயடியாப் பொய்யாத் தெரிஞ்சாங்களே. அப்பவே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கணும், இல்லையா?"

"வந்துச்சே அண்ணாச்சி" என்றார் நிறைமதி அம்மா. "யார் மேல வந்துச்சு?"