ஒட்டாத சந்தனம்

விருத்தாசலத்தில் மருதவாணன் என்று ஒருவர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு அவருக்கு இரண்டு பித்துகள் பிடித்தன. ஒன்று புதுக் கார், மற்றொன்று துறவு. இரண்டும் ஒத்துப்போகுமா என்று யாராவது கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

ஆற்றங்கரை மடத்துச் சாமிக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். ஊரார் சின்னச்சாமி என்பார்கள். மருதவாணன் கூச்சப்படாமல் அவர் காலில் விழுந்து சீடரானார். அன்று முதல் தீட்சை வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு.

"ஒரு நாள் வீட்டுக்கு வர்றேன். பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் சாமி.

அவர் வந்த நாளில்தான் மகள் தேன்மொழிக்கு வளைகாப்பு. சிதம்பரத்தில், சம்பந்தி வீட்டில் விசேஷம். முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். மருதவாணன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். டிரைவர் ஒருவரை ஏற்பாடு செய்து மனைவியை மட்டும் அனுப்புவதாகத் திட்டம். சௌந்தரவல்லி கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். மனுஷன் அசையவில்லை.

"பந்தமெல்லாம் கழண்டுபோச்சு சாமி" என்றார் சாமியிடம். "காலையில மக போன்ல அழுதா. எனக்குள்ள ஒண்ணும் ஆகலை."

"ஒண்ணுமே ஆகலையா?"

"துளி கூட இல்ல."

சொல்லும்போதே அவருக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. இன்றைக்கே தீட்சை கிடைத்துவிடும் போலிருந்தது.

"வாங்க சாமி, ஒண்ணு காட்டறேன்" என்று கார் நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போனார். கறுப்புக் கார். குனிந்தால் முகம் தெரிந்தது.

"செராமிக் கோட்டிங். கடைக்குப் போகாம நானே வீட்ல வச்சுப் பூசினது. ஷாம்பு போட்டுக் கழுவி, பெயிண்ட்ல ஒட்டிக் கிடந்த துகளெல்லாம் எடுத்து, கீறலுக்குப் பாலிஷ் போட்டு, அப்புறம் ஸ்பாஞ்சுல சொட்டுச் சொட்டா விட்டுத் தடவணும். கொஞ்ச நேரத்துல மெத்துன்னு இருக்கற துணியால துடைச்சிடணும். அசந்தா திட்டுத் திட்டா நின்னுடும்."

சாமி அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தத் துணிய எப்படித் துவைப்பீங்க?"

மருதவாணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டில் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. "தனியாத்தான் சாமி. மத்த துணியோட போட்டா தூசி ஏறிக்கும். அப்புறம் அந்தத் துணியே காரைக் கீறிடும்."

பிறகு செடித்தொட்டி மண்ணை ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி, கார் முகப்பின் மேல் ஊற்றினார். சேறு முத்து முத்தாக உருண்டு ஓடித் தரையில் விழுந்தது. காரில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

"எது விழுந்தாலும் ஒட்டாது. என் மனசும் இப்ப இதுதான் சாமி."

சாமி குனிந்து தரையில் கிடந்த சேற்றைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் சௌந்தரவல்லி பட்டுப்புடவையும் தாம்பாளமுமாக வந்தாள். டிரைவர் வாசலில் காத்திருந்தார். சாமியைக் கும்பிட்டுவிட்டு, "புள்ளத்தாச்சிய ஏத்திட்டு வர்ற வண்டி, ஒரு பொட்டு வச்சுட்டுக் கிளம்பிடறேன்" என்றாள். சந்தனத்தை விரலில் தொட்டுக் கார் முகப்பில் வைத்தாள்.

சந்தனம் சற்று நின்றது. பிறகு வழுக்கி இறங்கிக் கீழே விழுந்தது.

இன்னொரு முறை வைத்தாள். அதுவும் விழுந்தது. கதவில் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் நிற்கவில்லை. அவள் முகம் வெளிறிவிட்டது. மகள் பிள்ளை பெறப் போகிற நேரத்தில் இப்படி ஒரு சகுனமா என்று கண் கலங்கியது.

"சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்லடி, கோட்டிங்!" என்று பதறினார் மருதவாணன். துளி கூட ஒன்றும் ஆகாதவருக்குக் குரல் நடுங்கியது. சாமியிடம் திரும்பினார். "என்ன சாமி, சந்தனம் கூடவா ஒட்டாது?"

"அதுக்கு எப்படித் தெரியும் ஐயா, எது சேறு, எது சந்தனம்னு?"

சௌந்தரவல்லி விரலில் மிச்சமிருந்த சந்தனத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தாள்.

"இங்க ஒரு நெத்தி சும்மாத்தானே இருக்கு அம்மா" என்றார் சாமி.

அவள் குள்ளம். மருதவாணன் குனிய வேண்டியிருந்தது. அவள் அழுத்தி வைத்தாள். சந்தனம் ஜில்லென்று நெற்றியில் நின்றது. வெகுநேரம் நிமிரவில்லை.

நிமிர்ந்ததும் டிரைவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார். நல்ல வேட்டி கட்டிக்கொள்ள உள்ளே போனவர் வாசற்படியில் தயங்கித் திரும்பினார்.

"அப்ப தீட்சை, சாமி?"

"பேரப்பிள்ளை பொறந்து அந்த வேட்டிய நனைக்கட்டும்" என்றார் சின்னச்சாமி. "துடைக்காம அப்படியே வாங்க, பேசுவோம்."