கோதண்டத்தின் காரும் ஊருணித் தண்ணீரும்

எங்கள் கீழக்கொம்பூரில் புத்திசாலிகளே கிடையாது என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பேசுவது சுத்த அபாண்டம். இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் வெளியூரில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பது நாங்கள்.

எங்களில் கொஞ்சம் தேவலை என்று சொல்லத்தக்கவன் கோதண்டம். தன் மூளையைப் பற்றி அவனுக்கே பெரிய அபிப்பிராயம் கிடையாது. அதனால் யோசிக்கிற வேலையை நண்பர்கள் பரஞ்சோதியிடமும் ஆதிமூலத்திடமும் விட்டுவைத்திருந்தான். அவர்கள் அவனை நம்பிச் சும்மா இருந்தார்கள்.

நாற்பது நெருங்கியும் அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பேசிய இடமெல்லாம் பெண்ணைக் காட்டும் முன்பே தட்டிப்போகவே, தரகர் அவனைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு அவன் அப்பா வைத்துவிட்டுப் போன பழைய காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். உடனே பலித்தது. நெடுவயல் குழந்தைவேலு தன் மகள் செண்பகவல்லியைக் காட்டச் சம்மதித்தார். "மாப்பிள்ளை கார்லயே வரட்டும்" என்று மட்டும் சொல்லியனுப்பினார். கோதண்டத்துக்கு அது நியாயமாகவே பட்டது. காரைக் கழித்தால் மிச்சம் தான் ஒருத்தன்தான். அந்தச் சரக்கு எப்படி விலைபோகும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

தை மாதம் ஒரு நல்ல நாளில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நண்பர்களோடு கிளம்பினான். ஊர் எல்லையில் ஊருணிக் கரைக்கு வந்ததும் கார் முன்பக்கமெல்லாம் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கோதண்டம் டவுன் மெக்கானிக் அந்தோணிசாமிக்குப் போன் போட்டான்.

"ரேடியேட்டர் தண்ணி எங்கயோ ஒழுகுது. சூட்டோட மூடியைத் திறந்துடாத, நல்லா ஆறட்டும். நான் வர்ற வரைக்கும் வண்டியை விட்டு நகராத" என்றார் அவர்.

பரஞ்சோதி துண்டை நனைத்து, காய்ச்சல்காரனுக்குப் போடுவது போல் பானட்டின் மேல் போட்டான்.

"கொஞ்சம் கஞ்சி குடுத்துப் பாப்பமா?" என்றான் ஆதிமூலம்.

"எப்படிக் குடுப்ப? வாயைத்தான் திறக்கக் கூடாதுன்னுட்டாரே" என்றான் பரஞ்சோதி.

மறுபடி போன் போட்டார்கள். "கீழ ஒரு அட்டையைப் போடு. எந்த இடம் நனையுதுன்னு பாத்துச் சொல்லு" என்றார் அந்தோணிசாமி.

ஆதிமூலம் பெட்டிக்கடையில் ஓர் அட்டைப்பெட்டியை இரவல் வாங்கிவந்தான். நனையாமல் திருப்பித் தர வேண்டும் என்று கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் வாக்குத் தவறாதவர்கள். அட்டையை விரித்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் பத்திரமாகப் போர்த்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தாளில் தேங்கியிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அட்டையைத் தடவிப் பார்த்தார்கள்.

"அட்டை நல்லாக் காஞ்சுதாண்ணே இருக்கு" என்றான் கோதண்டம்.

"அப்ப கீழ ஒழுகல. எஞ்சினுக்குள்ள போகுது" என்றார் மெக்கானிக் கவலையோடு. "ஆயில் குச்சியை உருவிப் பாரு. தண்ணி கலந்து, பால் விட்ட டீ மாதிரி இருக்கான்னு சொல்லு."

ஒப்பிட்டுப் பார்க்க டீ வேண்டுமே! ஆதிமூலம் ஓடினான்.

"ஆயில் கறுப்பா இருக்கு, டீ வெளுப்பா இருக்கு" என்றான் கோதண்டம்.

"ஸ்ட்ராங்கா கேட்டிருக்கணும்டா" என்றான் பரஞ்சோதி.

ஸ்ட்ராங்காக வாங்கிவந்தும் பொருந்தவில்லை. கடைசியில் பாலே விடாமல் வெறும் டிகாக்‌ஷனாக வாங்கிவந்ததும் நிறம் அச்சாகப் பொருந்தியது.

"டீ மாதிரியேதாண்ணே இருக்கு!"

"போச்சு போ. இனி நான் வந்து காத்துப் பிரஷர் குடுத்து ஓட்டையைப் பாத்தாத்தான் உண்டு" என்று போனை வைத்துவிட்டார் அந்தோணிசாமி.

கோதண்டம் நெடுவயல் போகிற பாதையைப் பார்த்தான். அங்கே பஜ்ஜி போட்டிருப்பார்கள். பிறந்ததிலிருந்து முதல்தடவையாகத் தனக்காக ஒருத்தி தலையில் பூ வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவனோ இங்கே ஆயிலுக்கும் டீக்கும் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த இடமும் தட்டிப்போனால் தன்னைத் தலைமுழுகிவிடுவதாகத் தரகர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அப்போதுதான் பரஞ்சோதிக்கு யோசனை வந்தது. "பஞ்சர் கடையில ட்யூப் ஓட்டையை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?"

"தண்ணில முக்கி, குமிழி வர்ற இடத்தைப் பாப்பாங்க" என்றான் ஆதிமூலம்.

"அதுக்கு ட்யூபைத் தனியாக் கழட்டணுமேடா" என்றான் கோதண்டம். தான் கேட்டது நல்ல கேள்வி என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கார் ஏற்கெனவே தனியாத்தானே நிக்குது?" என்றான் பரஞ்சோதி.

வண்டியை விட்டு நகரக் கூடாது என்பதால் கோதண்டம் உள்ளேயே உட்கார்ந்துகொள்ள, மற்ற இருவரும் காரை ஊருணிச் சரிவில் தள்ளினார்கள். பானட் விளிம்பு வரை தண்ணீர் ஏறியது. கோதண்டம் பட்டு வேட்டியோடு இடுப்பளவு நனைந்தான். நாலா பக்கமும் குமிழி கிளம்பியது.

"ஓட்டை கார்ல இல்லடா. ஓட்டையிலதான் காரே பண்ணியிருக்காங்க" என்றான் ஆதிமூலம்.

மெல்ல மெல்லக் குமிழி அடங்கியது. கார் சில்லென்று ஆகிவிடவே, மூடியைத் திறந்தார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் தளும்பியது. ஒழுகல் நின்றேவிட்டது! நண்பர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கரையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளை வராததால் பஜ்ஜி ஆறிவிடுமே என்று, பஜ்ஜியையும் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு குழந்தைவேலுவே வந்துவிட்டார்.

"கார்ல வரச் சொன்னா, குளத்துல உக்காந்திருக்கீங்களே மாப்ளே?"

"கரையில ஒழுகுச்சுங்க மாமா. இங்க கொண்டாந்ததும் நின்னுடுச்சு" என்றான் கோதண்டம், எழுந்து நிற்க முடியாமல் கும்பிட்டபடி.

குழந்தைவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ரேடியேட்டருக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "அட, ஒரு சொட்டு வீணாகல! குடும்பம் நடத்தத் தெரிஞ்சவர்தான்" என்று மகளைப் பார்த்துச் சொன்னார்.

செண்பகவல்லி கரையில் நின்றபடி கேட்டாள்: "கல்யாண ஊர்வலம் இந்தக் கார்லதானே?"

கோதண்டத்துக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "வெளிய எடுத்தா ஒழுகுமுங்க" என்றான் பரிதாபமாக.

அவள் காரையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கார் எதுக்குப் போகணும்?" என்றாள் கடைசியில். "அது பாட்டுக்கு நிக்கட்டும். ஊர்வலம் நம்மளைச் சுத்தி வரட்டும்."

மாசியில் அப்படியே நடந்தது. நாகஸ்வரமும் தவிலும் கரையைச் சுற்றிச் சுற்றி வர, மணமக்கள் காருக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து ஊரைக் கும்பிட்டார்கள். மெக்கானிக் அந்தோணிசாமியும் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தார். கரையில் நின்று பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

வைகாசி வெயிலில் ஊருணி வற்றியது. வெடித்துக் கிடந்த சேற்றின் நடுவில் கார் மட்டும் நின்றது. ஊரே கரையில் கூடி, தண்ணீர் எங்கே போயிற்று என்று விவாதித்தது. யாருக்கும் பிடிபடவில்லை. செண்பகவல்லிதான் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"ஒரு குளமே ஒழுகிப்போயிருக்கே! எவ்வளவு பெரிய ஓட்டையா இருக்கணும், பாத்தீங்களா?"

கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேர் கூடியிருந்தும் ஒருத்தருக்காவது தோன்றியதா? எங்கள் ஊரில் மறுபடியும் ஒரு புத்திசாலி வந்து சேர்ந்துவிட்டாள், அதுவும் தன் பெண்டாட்டியாக!